ஜெனித்தும் ஓர் உருமாலையும்

கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும் அடக்கம் எனக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளிலேயே இன்டர்மீடியட் வேறு தேறியிருந்தேன். தலைக்கனத்துக்குக் கேட்கவா வேண்டும்?

அவிநாசியிலிருந்து காங்கேயத்துக்குப் பெண் பார்க்கப் போனோம். வழியெல்லாம் அப்பாவுக்கு ஒரே கவலை. "கேட்டதுக்கு மட்டும் சொல்லு கண்ணு, மேல பேசிப்போடாதே." பெண் காப்பியை வைத்துவிட்டுப் போன அந்த நொடியிலேயே இவள்தான் என்று தோன்றிவிட்டது. அவள் போன பக்கமே பார்த்துக்கொண்டு டம்ளரை எடுத்ததில், பாதிக் காப்பி என் வேட்டியில்.

பெண்ணின் அப்பா ஒரு கடிதத்தை நீட்டினார். கோயமுத்தூரில் படிக்கும் மகன் பெருமைக்கு இங்கிலீஷில் எழுதியது.

"ஏனுங்க மாப்பிள்ளை, பையன் ஒடம்பு ஜெனித்துல இருக்குதுன்னு போட்டிருக்கறானுங்க. படிச்சுச் சொன்ன போஸ்ட்மாஸ்டருக்கே அந்த வார்த்தை தெரியலீங்க. ஏதாச்சும் கெட்ட சீக்குங்களா?"

ஜெனித் (zenith) என்றால் உச்சம்; பையன் திடமாக இருக்கிறான் என்று சொல்லியிருந்தால் முடிந்தது. நானோ அரபு நாட்டிலிருந்து ஆரம்பித்தேன்.

"அது அரபுக்காரங்க வார்த்தைங்க. தலைக்கு மேல போற வழின்னு அர்த்தமுங்க. லத்தீனுக்குப் போயி, பிரெஞ்சுக்குப் போயி, இங்கிலீசுக்கு வந்துதுங்க."

"தலைக்கு மேல போயிருச்சுங்களா?" அவர் குரல் உடைந்தது.

எனக்கு வேர்த்துக் கொட்டியது. "இல்லீங்க! தலைக்கு நேரா, வானத்துல இருக்கற எடமுங்க."

வானம் என்றதும் உள்ளே பெண்ணின் அம்மா அழத் தொடங்கிவிட்டார். பதறி எழுந்தேன். உச்சந்தலையைத் தொட்டுக் காட்டினால் விளங்கிவிடும் என்று நினைத்தேன். (என் தலையைத் தொட்டிருக்கலாம். அது அப்போது வேலை செய்யவில்லை.) பெண்ணின் அப்பா தலையில் கட்டியிருந்த உருமாலையைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, அவர் வழுக்கையில் விரலை வைத்தேன்.

எங்கள் பக்கத்தில் பெரியவர் தலைப்பாகையில் இன்னொருவன் கை வைப்பது அவரைக் கன்னத்தில் அறைவதற்குச் சமம். என் அப்பா கண்ணை மூடிக்கொண்டார். பெண் கைநழுவிப் போய்விட்டாள் என்றே நினைத்தேன். வழுக்கையில் வைத்த விரலை எடுக்கக்கூடத் தோன்றாமல் உளறினேன்.

"இதுக்கு நேர் மேலைங்க... உச்சமுங்க... பையன் ரொம்ப நல்லாயிருக்கறானுங்க."

"நல்லாயிருக்கறானுங்களா?"

"சத்தியமாங்க."

"அட, இத மொதல்லயே சொல்றதுக்கென்னங்க!" என்றவர், குனிந்து உருமாலையை எடுத்து இறுக்கிக் கட்டினார். என்னைவிட்டு நாலடி தள்ளி உட்கார்ந்தார். கதவுக்குப் பின்னால் பெண்ணுக்கு அடக்க முடியாத சிரிப்பு. அந்தப் பக்கம் திரும்பி, "அம்மணி, மாப்பிள்ளைக்கு இன்னொரு காப்பி கொண்டா" என்றார்.

கல்யாணம் நடந்தது. ஆனால் இன்றைக்கும் நான் ஓர் இங்கிலீஷ் வார்த்தைக்கு அர்த்தம் சொல்ல வாயைத் திறந்தால், பேரன் பேத்தி வரை எல்லோரும் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொள்கிறார்கள். முதலில் பிடிப்பவள் என் மனைவிதான்.