ஃபோமட் பண்ணிடுவோம்

கணினியில் உள்ளதையெல்லாம் அழித்துப் புதிதாகத் தொடங்கிவைக்கிற ஃபோமட்காரர் ஊருக்கு ஒருவர் இருக்கிறார். உங்கள் ஊரில் இல்லையென்றால், உங்கள் ஊருக்கு இன்னும் கணினி வரவில்லை என்று அர்த்தம். கறுப்புப் பையில் இருபது சீடி, சட்டைப் பையில் ஒரே ஒரு ஸ்குரூ டிரைவர் (அது அலங்காரத்துக்கு), முகத்தில் பெரிய சத்திரசிகிச்சை நிபுணரின் அவசரம். வந்தால் உட்கார மாட்டார். என்ன நடந்தது, எப்போதிருந்து, எதற்குப் பிறகு என்று ஒரு வார்த்தை கேட்க மாட்டார். திரையை ஒரு தரம் பார்ப்பார், உச்சுக் கொட்டுவார், தீர்ப்புச் சொல்வார்.

“ஃபோமட் பண்ணிடுவோம்.”

எழுத்து சின்னதாகத் தெரிகிறதா? ஃபோமட். பிரின்டர் தாளை மெல்லுகிறதா? ஃபோமட். மின்சாரமே இல்லையா? வரட்டும், வந்தவுடன் ஃபோமட். நான் நாற்பது வருடம் தாதியாக, ஊர் வாயில் மிஸ்ஸியாக, நோயாளிகளைப் பார்த்தவள். இருமலோடு வந்தவனிடம் எத்தனை நாளாக என்றுகூடக் கேட்காமல், கழுத்தைக் கழற்றிப் புதிது பூட்டுகிற வைத்தியர் எவரையும் ஆஸ்பத்திரியில் கண்டதில்லை. கணினிக்கு மட்டும் அப்படிப்பட்டவரைத்தான் தேடிப்போய்க் கூட்டி வருகிறோம்.

எங்களுக்கு வாய்த்தவர் இரத்தோட்டை பஸ் நிலையத்துக்குப் பின்னால் கடை வைத்திருக்கும் ஒஸ்வல்ட். ஏழு வருடத்தில் அந்தக் கடைக்கு நான்கு பெயர். வியாபாரம் மந்தமானால் பலகையில் வெள்ளை அடித்துப் புதுப் பெயர் எழுதுவார். டெலிபோன் இலக்கத்தையும் மாற்றுவார். பழைய வாடிக்கையாளர்கள் கடை எங்கே போனதென்று வாசலில் நின்றே விசாரிப்பார்கள். நல்ல மனிதர்தான். மறுக்கவில்லை. இவ்வளவு சந்தோஷமாக அழிக்க நல்ல மனிதர்களால்தான் முடியும்.

2007இல், ஒரு புதன்கிழமை காலை, எங்கள் பங்குக் கோவில் நடத்தும் முதியோர் இல்லத்து அலுவலகக் கணினி நீலத் திரையைக் காட்டிவிட்டுப் படுத்தது. வேறு நாளென்றால் படுக்கட்டும் என்று விட்டிருப்பேன். ஆனால் அதற்குள் அடையாள அட்டை இல்லாத அறுபத்து மூன்று தோட்டத்து மக்களின் விபரங்கள் இருந்தன. பிறப்புப் பதிவு இலக்கம், தாய் தகப்பன் பெயர், லயத்து வீட்டு இலக்கம் என்று எங்கள் தட்டச்சாளர் தெரேசா மூன்று மாதமாகச் சேர்த்தவை. கடதாசிகளை அவரவரிடம் அப்போதே திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. வெள்ளிக்கிழமை யட்டவத்தைக்கு, அட்டைக்கு விண்ணப்பம் வாங்கும் நடமாடும் சேவை வருகிறது. அதற்குள் விண்ணப்பங்களை அச்செடுக்க வேண்டும்.

அறுபத்து மூன்று பேரில் ஒருத்தி வேலம்மா. வலது கண்ணில் பூ விழுந்திருந்தது. கண்டி ஆஸ்பத்திரியில் வெட்ட நாள் கொடுத்திருந்தார்கள். அட்டை இல்லையென்று யுத்தகாலச் சோதனைச் சாவடியில் பஸ்ஸை விட்டு இறக்கி இரண்டு தரம் திருப்பி அனுப்பியிருந்தார்கள். அன்றும் அலுவலக வாங்கில் உட்கார்ந்திருந்தாள்.

“வைரஸ் மிஸ்ஸி,” என்றார் ஒஸ்வல்ட் என்னிடம், திரையைப் பார்த்த அடுத்த நொடியில். “ஃபோமட் பண்ணிடுவோம்.”

“ஐயோ அண்ணே, அப்ப என்ட லிஸ்ட்?” என்றாள் தெரேசா.

“ஹாட் டிஸ்க்ல ரெண்டு ரூம் இருக்கு தங்கச்சி. லிஸ்ட் பின் ரூம்ல. நம்ம முன் ரூமை மட்டுந்தான் அடிக்கிறோம். பயப்படாதீங்க.”

முன் அறையை அழிக்கத் தொடங்கினார். பதினொரு வீதத்தில் நீலத் திரை. சீடியை வெளியே எடுத்து ஊதி, சட்டையில் துடைத்து மறுபடி போட்டார். எட்டு வீதம். நீலத் திரை. வேறு சீடி போட்டு, தன்மேல் சின்னதாக ஒரு சிலுவை அடையாளமும் போட்டுக்கொண்டார். ஐந்து வீதம்.

ஒவ்வொரு தரமும் நடக்க வைக்கும்போது முந்தியதைவிடச் சீக்கிரம் களைக்கிற நோயாளியை எனக்குத் தெரியும். ஆனால் என்னை யார் கேட்டார்கள்?

ஒஸ்வல்ட் நிமிர்ந்தார். “டிஸ்க்கே கெட்டுப்போச்சு மிஸ்ஸி. ரெண்டு ரூமையும் சேத்து அடிச்சாத்தான் சரிவரும். எல்லாம் கிளீனா புதுசா தொடங்கிடலாம்.”

“அறுபத்து மூணு பேரு அண்ணே!”

“திருப்பி டைப் பண்ணிக்கலாமே.”

வாங்கிலிருந்து வேலம்மா எழுந்தாள். “அய்யா, நாலு தடவ பஸ் ஏறி வந்து சொல்லியிருக்கேங்க. இப்ப அழிச்சிட்டு மறுபடி சொல்லுங்கிறீங்க. நான் பொறந்ததையும் அழிச்சிட்டு மறுபடி பொறந்து வரவாங்க?”

ஒஸ்வல்ட் சிரித்துக்கொண்டே விரலை விசைக்குக் கொண்டுபோனார்.

“கைய எடுங்க தம்பி,” என்று சொல்லிவிட்டு, நெற்றியைத் தொடுவதுபோலக் கணினிப் பெட்டியின் தலையில் கையை வைத்தேன். கொதித்தது.

“காய்ச்சல்.”

“மெஷினுக்குக் காய்ச்சல் வராதுங்க மிஸ்ஸி.”

“தொட்டுப் பாருங்க.”

தொட்டார். உடனே கையை இழுத்துக்கொண்டார்.

எங்கள் பக்கத்தில் முற்றத்துக்கு முற்றம் மிளகு காயும், தூசு பறக்கும். அதனால் ரேடியோ, டெலிபோன், பிரிட்ஜின் கைப்பிடி எல்லாம் சட்டை போட்டிருக்கும். தெரேசாவும் பெட்டிக்கு ரோஸ் நிறச் சாட்டினில், சுருக்கு வைத்து, இலாஸ்டிக் போட்டு ஒரு சட்டை தைத்திருந்தாள். முன்னால் பொத்தானுக்கும் சீடிக்கும் ஜன்னல். பின்னால், கணினி மூச்சு விடுகிற இடத்தில், வயர் போக மட்டும் ஓர் ஓட்டை, மற்றதெல்லாம் அடைப்பு. வேலை செய்யும்போதும் கழற்றுவதில்லை. தைத்துப் போட்ட அன்று அழகாக இருக்கிறது என்று சொன்னவள் நான்தான்.

சட்டையைக் கழற்றினோம். ஏழு வருடத்தில் முதல் தடவையாக ஒஸ்வல்டின் ஸ்குரூ டிரைவர் வேலைக்கு இறங்கியது. உள்ளே விசிறியில் மிளகுத் தூசு கம்பளியாகப் படிந்திருந்தது. நால்வரும் தும்மினோம். வேலம்மா ஏழு தும்மல். இல்லத்து ஐயாமாருக்குச் சவரம் செய்யும் பிரஷை எடுத்துவந்து துடைத்தேன். பெட்டியை அரை மணிநேரம் ஆறவிட்டு நாங்கள் தேநீர் குடித்தோம்.

பிறகு முன் அறை மட்டும். பதினொரு வீதம் தாண்டியது. அறுபது. நூறு. நீலம் வரவேயில்லை. பகல் சாப்பாட்டுக்கு முன் பின் அறை திறந்தது. அறுபத்து மூன்று பேரும் இருந்தார்கள். நாற்பத்தோராவது வேலம்மா. அச்செடுத்த தாளைக் கண்ணுக்கு மிக அருகில் பிடித்து, “இதுதான் நானா?” என்று கேட்டுவிட்டுப் பெருவிரலைப் பதித்தாள். வெள்ளிக்கிழமை கொடுத்தோம். அங்கே தந்த துண்டைக் காட்டிச் சாவடியைக் கடந்து, கண்டிக்குப் போய்க் கண்ணை வெட்டிக்கொண்டு வந்தாள்.

ஒஸ்வல்ட்? சீடிகளைப் பையில் அடுக்கிக்கொண்டே அன்று சொன்னார்:

“பாத்தீங்களா மிஸ்ஸி? ஃபோமட் பண்ணின உடனே சரியாயிடுச்சு!”

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். பிள்ளைக்குக் கணக்கு வரவில்லை என்று இந்த வருடம் மூன்றாவது டியூஷன் மாஸ்டரைப் பிடித்தது யார்? தலையிடி மருந்து இரண்டு நாளில் கேட்கவில்லை என்று வைத்தியரை மாற்றியது? “இந்த நாட்டையே அழிச்சிட்டு முதல்லருந்து தொடங்கணும்” என்று பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் இருந்து பேசிக்கொண்டு வந்தது? உங்கள் குரல் மாதிரித்தான் இருந்தது.

போகட்டும். உங்கள் வீட்டுப் பெட்டியின் பின்பக்கத்தை நீங்கள் கடைசியாகப் பார்த்தது எப்போது? எங்கள் தெரேசா அந்தச் சட்டையைத் துவைத்து, ஸ்திரி போட்டு வைத்திருக்கிறாள். வேண்டுமென்றால் அனுப்புகிறேன், உங்களுக்கு அளவாகத்தான் இருக்கும்.