ஜேர்மன் கம்பனியை நான் வாங்கிய கதை

விளங்காத கூட்டத்தில் தலையாட்டிக்கொண்டு இருப்பதைப் போல மடத்தனம் வேறில்லை. கேள்வி கேட்கிறவனை அடுத்த முறை கூப்பிடமாட்டார்கள். நித்திரை கொள்கிறவனை அப்படியே விட்டுவிடுவார்கள். தலையாட்டுகிறவனின் தலையில்தான் பொறுப்பைக் கட்டுவார்கள். நான் நன்றாகத் தலையாட்டினேன்.

எனக்குக் கோபம் கெதியில் வரும். இதை எழுதும்போதும் வருகிறது. ஏனென்றால் பிழை முழுக்க என்னுடையது என்று இன்றைக்கும் என் வீட்டில் சொல்கிறார்கள். இல்லை. பாதிதான் என்னுடையது. மிச்சப் பாதி அந்த அம்புக்குறிகளுடையது.

நான் ஜேர்மனியில் பல வருடம் இருந்தவன். பிள்ளை இங்கிலிஷில் படிக்கட்டும் என்று எங்கள் ஆட்கள் பலர் கிளம்பியபோது நாங்களும் கிளம்பி லண்டனுக்கு வந்து இல்ஃபோர்ட்டில் குடியேறினோம். ஆஸ்பத்திரிகளுக்கு மென்பொருள் செய்யும் ஒரு கம்பனியில், உதவிப் பிரிவில் வேலை. நோயாளியை வார்ட்டில் சேர்ப்பது, இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்ப்பது, மருந்து எழுதுவது எல்லாம் எங்கள் திரையில்தான் நடக்கும். திரை அசையாமல் நின்றுவிட்டால் தாதிமார் எனக்குப் போன் எடுத்துத் திட்டுவார்கள். நான் அணைத்துவிட்டுத் திரும்பப் போடச் சொல்வேன். (வேலை இவ்வளவுதான். உதுக்குச் சம்பளமும் தாறாங்கள்.)

ஒரு நாள் எங்கள் தலைமை அதிகாரி டேமியன் என்னைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டார். டேமியன் காலுறை இல்லாமல் சப்பாத்துப் போடுகிற மனிதர். மாரி காலத்திலும் அப்படித்தான். "உனக்கு ஜேர்மன் தெரியும் அல்லவா? எங்கள் ஐரோப்பிய வியூகத்துக்கு நீ முக்கியம்" என்றார். என்னை அந்தக் கம்பனியில் முக்கியம் என்று ஒருவரும் அதுவரை சொன்னதில்லை. போனேன்.

சுவரில் ஐரோப்பா வரைபடம். லண்டனில் இருந்து ஜேர்மனிக்கு ஒரு தடித்த அம்புக்குறி. ஜேர்மனியில் இருந்து லண்டனுக்கு ஒரு மெல்லிய அம்புக்குறி. இரண்டையும் சுற்றி வட்டமாக இன்னொன்று. கீழே "ஒரு நோயாளி, ஒரு பதிவு, ஒரு ஐரோப்பா" என்று எழுதியிருந்தது. டேமியன் நெடுநேரம் பேசினார். சேர்ந்து வளர்வது என்றார். சந்தையை ஒன்றாக்குவது என்றார். ஜேர்மனியில் ஆஸ்பத்திரி மென்பொருள் செய்கிற இன்னொரு கம்பனியின் பெயரைச் சொல்லி, அவர்களோடு நாங்கள் ஒரு பயணம் போகப்போகிறோம் என்றார். யார் டிக்கெட் எடுப்பது என்று சொல்லவில்லை. வாங்குவது, விற்பது என்ற சொற்கள் ஒரு இடத்திலும் வரவில்லை. கோயில் திருவிழா நோட்டீஸில்கூட அன்னதானம் யாருடைய உபயம் என்று போட்டிருக்கும்.

பக்கத்தில் குமரன் இருந்தான். மலேசியாவில் கிள்ளானில் பிறந்து, இங்கே படிக்க வந்து, வேலை கிடைத்துத் தங்கிவிட்டவன். அந்தப் படங்களை எல்லாம் கம்பியூட்டரில் செய்தது அவன்தான். நான் மெல்லக் கேட்டேன்.

"குமரன், உது என்ன? ஆர் எங்க போறது?"

"அண்ணே, அதான் ஸ்ட்ராட்டஜிலா. எனக்கே பாதி புரியல."

"அம்புக்குறி நீதானே போட்டனி?"

"போட்டேன். எந்தப் பக்கம் போடணும்னு யாரும் சொல்லல. ரெண்டு பக்கமும் போட்டுட்டேன். பேசாம தலைய ஆட்டுங்கண்ணே."

ஆட்டினேன். ஆட்டிக்கொண்டே நானாக ஒரு முடிவுக்கு வந்தேன். தடித்த அம்புக்குறி லண்டனில் இருந்து போகிறது. ஆகவே நாங்கள்தான் அவர்களை வாங்கப்போகிறோம். வேறெப்படி ஒரு மனுசன் அதை வாசிப்பான்? நீங்களே சொல்லுங்கள்.

கூட்டம் முடிந்ததும் டேமியன் என் தோளில் கை வைத்தார். "உனக்கு அந்த ஊர் தெரியும். அவர்கள் எப்படிப்பட்ட ஆட்கள் என்று எனக்கு ஒரு அபிப்பிராயம் சொல்லு. இது வெளியே போகக்கூடாது. எல்லாம் சரிவந்தால் ஐரோப்பா முழுவதற்கும் உதவிப் பிரிவுக்கு ஒரு தலைவர் தேவைப்படும்."

இல்ஃபோர்ட் வந்து சேரும்வரை ரயிலில் நான் தலைவராகத்தான் இருந்தேன்.

வீட்டில் வசந்தியிடம் சொன்னேன். என் மனைவிக்கு என்னை விட வேகமாக விளங்கும். விளங்காததும் விளங்கும்.

"எப்பிடிப்பட்ட ஆக்கள் எண்டுதானே கேட்டவர்? அப்ப விசாரியுங்கோவன்."

"ரகசியம் எண்டு சொன்னவர்."

"ரகசியமாய்த்தான் விசாரிக்கிறது. ஊரைக் கூட்டியே விசாரிக்கிறது?"

விசாரிப்பது என்றால் எங்கள் ஆட்களிடம் அதற்கு ஒரு முறை இருக்கிறது. கலியாணம் பேசி வந்தால் மாப்பிள்ளை வீட்டாரிடம் நேரே ஒன்றும் கேட்கமாட்டோம். அவர் வேலை செய்கிற இடத்தில் எங்கள் ஆள் யார், அவருடைய தெருவில் கடை வைத்திருப்பவர் யாருக்கு என்ன முறை என்று பார்த்துப் போன் போடுவோம். பாரிஸில் இருந்து சூரிச்சுக்குப் போகும், சூரிச்சில் இருந்து ஒஸ்லோவுக்குப் போகும். பெடியன் எப்போது சிகரெட்டை விட்டான், ஏன் திரும்பத் தொடங்கினான் என்பதுவரை வந்து சேரும். ஒவ்வொரு போனையும் "ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை" என்று சொல்லித்தான் வைக்க வேண்டும். அது மரியாதைக்குச் சொல்வது. யாரும் அதைக் கட்டளையாக எடுப்பதில்லை.

என் சித்தியின் மகள் சுமதி ஜேர்மனியில், டோர்ட்முண்டில் ஒரு ஆஸ்பத்திரியில் தாதி. அங்கே பாவிப்பது அந்த ஜேர்மன் கம்பனியின் மென்பொருள்தான். அவளுக்குப் போன் போட்டேன்.

"சுமதி, அந்தக் கம்பனி ஆக்கள் எப்பிடி?"

"எப்பிடி எண்டால்?"

"குணம், நடை, பழக்கவழக்கம்."

"ஏன் அண்ணை, அபிக்குப் பேசி வந்திருக்கோ?"

அபி என் மகள். அப்போது பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தாள்.

"விசர்க்கதை கதையாதை. நாங்கள் அவையை வாங்கப்போறம்."

"ஐயோ அண்ணை, நீங்களோ?"

"நாங்கள் எண்டால் எங்கட கம்பனி. ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை."

"ச்சா, நான் ஏன் சொல்லுறன்?"

அந்த வாரம் முழுக்க எனக்குத் தகவல் வந்துகொண்டே இருந்தது. நான் கேட்காத ஆட்களிடம் இருந்தும் வந்தது. திரை அடிக்கடி நிற்குமாம் என்று ஒருவர். இல்லை, எங்கள் ஆஸ்பத்திரியில் நிற்காது என்று இன்னொருவர். பயிற்சி கொடுக்க வரும்போது நல்ல கேக் கொண்டு வருவார்களாம். சூரிச்சில் இருந்து ஒரு மாமி, "தம்பி, அந்தக் கம்பனியின்ர பெரிய முதலாளி டிவோர்ஸ் எடுத்த ஆளாம். யோசிச்சுச் செய்யுங்கோ" என்றார். நன்றி என்று சொல்லி வைத்தேன். வேறு என்ன சொல்வது?

டேமியனிடம் போய், "பரவாயில்லாத ஆட்கள். கொஞ்சம் கஞ்சம். கேக் நல்லது" என்றேன். எப்படித் தெரியும் என்று கேட்டார். விசாரித்தேன் என்றேன். அவருக்கும் விளங்கவில்லை என்று நினைக்கிறேன். அவரும் தலையாட்டினார்.

பிறகு ஒரு சனிக்கிழமை, லண்டனில் எங்கள் ஆட்களின் கடைகள் இருக்கிற டூட்டிங்கில் கொத்துரொட்டி வாங்க வரிசையில் நின்றேன். முன்பின் தெரியாத ஒருவர் என்னை உற்றுப் பார்த்தார்.

"அண்ணை, நீங்கள்தானே ஜேர்மன் கம்பனி ஒண்டை வாங்கினது?"

"நான் இல்லை. கம்பனி."

"அதுதான், கம்பனி. என்ர மருமகன் ஒருத்தன் ஜேர்மனியில, எசனில சும்மா இருக்கிறான். அவனுக்கு ஒரு வேலை போட்டுக் குடுக்க ஏலுமோ?"

"நான் ஒண்டும் வாங்கேல்லை எண்டு சொல்லுறன்!"

அவர் பக்கத்தில் நின்றவரிடம் திரும்பி, "பாத்தியே, எவ்வளவு அடக்கமான மனுசன்" என்றார்.

அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. அதற்குள் வசந்தி வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலில் வைத்து, இவர் ஐரோப்பாவுக்கே தலைவராகிறார் என்று சொல்லிவிட்டிருந்தாள். இனி அந்தப் பதவி கிடைக்காவிட்டால் கோயில் மாற வேண்டும்.

ஜேர்மன்காரர்கள் லண்டனுக்கு வரும் நாளும் வந்தது. டேமியன் என்னையும் குமரனையும் மேசையின் ஒரு மூலையில் இருத்தினார். சுவரில் அதே அம்புக்குறிப் படம். "அவர்கள் தங்களுக்குள் ஜேர்மனில் பேசிக்கொள்வார்கள். நீ தெரியாதவன் போல இரு. பிறகு எனக்குச் சொல்லு" என்றார். வாழ்க்கையில் முதல்முறையாக எனக்கு விளங்கிய வியூகம் அதுதான்.

வந்தவர்களுக்குத் தலைவி திருமதி லெங்கர் என்ற ஒரு அம்மா. நரைத்த தலை, பெரிய கண்ணாடி. சிரிக்கவில்லை. இருந்ததும் பக்கத்தில் இருந்த ஆளிடம் ஜேர்மனில் மெல்லச் சொன்னார். "இதில் யார் அந்தத் தமிழன்?"

நான் குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்டினேன். அந்த அம்மா தொடர்ந்தார்.

"டோர்ட்முண்டில் எங்கள் ஆள் போன இடத்தில் தாதிமார் எல்லாரும் கை கொடுத்திருக்கிறார்கள். லண்டனில் ஒரு தமிழர் உங்களை வாங்கிவிட்டாராமே என்று. எசனில் ஒருவன் வேலை கேட்டு வாசலுக்கே வந்துவிட்டான்."

டேமியன் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். என்ன சொல்கிறார்கள் என்ற அர்த்தம். நான் தண்ணீர் குடித்தேன். திரும்ப உயர்த்தினார். திரும்பக் குடித்தேன்.

அப்போது அந்த அம்மா இங்கிலிஷுக்கு மாறினார். "டேமியன், கையெழுத்துப் போட முதல் ஒரு கேள்வி. உங்கள் கம்பனியை வாங்குவது நாங்கள். அப்படியிருக்க, எங்களை நீங்கள் வாங்குவதாக எங்கள் ஆஸ்பத்திரிகளில் யார் சொல்லித் திரிகிறது?"

உங்கள் கம்பனியை வாங்குவது நாங்கள். அந்த ஒரு வசனத்தை இவ்வளவு காலமும் ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. என்னை அறியாமல் தமிழில் சத்தமாகக் கேட்டுவிட்டேன்.

"டேய் குமரன், அப்ப நாங்கள் பொம்பிளை வீடோ?"

குமரன் படத்தைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். "அப்படித்தான் போலண்ணே" என்றான். பிறகு அந்த நாசமறுப்பான் சிரிக்கத் தொடங்கிவிட்டான்.

எல்லாரும் எங்களைப் பார்த்தார்கள். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. எழும்பி நின்றேன். ஜேர்மன் தெரியாதவன் போல இருக்கச் சொன்னது மறந்துபோய்விட்டது. முழுக்க ஜேர்மனிலேயே கத்தினேன். நான்தான் விசாரித்தது, எங்கள் ஆட்கள் விசாரிக்காமல் ஒரு ஆட்டுக்குட்டிகூட வாங்கமாட்டோம், ஆனால் வாங்குகிறோமா விற்கிறோமா என்று இந்தக் கட்டிடத்தில் ஒருவரும் வாய் திறந்து சொல்லவில்லை, அந்த அம்புக்குறியைப் பாருங்கள், எது தடிப்பு எது மெல்லிசு என்று நீங்களே பாருங்கள்!

டேமியனின் முகம் சுவர் நிறத்துக்கு வந்திருந்தது. நான் என்ன கத்தினேன் என்பதும் அவருக்கு விளங்கவில்லை. தனக்கு ஒரு உளவாளி இருந்தான், இப்போது இல்லை என்பது மட்டும் விளங்கியது. எனக்கும் ஒன்று விளங்கியது. அந்தப் படத்தின் அடியில் சின்ன எழுத்தில் "உதவிப் பிரிவில் சிக்கனம்" என்று ஒரு வரி இருந்தது. அவர்களுடைய சிக்கனம் என்று நினைத்துத்தான் அவ்வளவு நாளும் தலையாட்டினேன். அது நான்.

திருமதி லெங்கர் கண்ணாடியைக் கழற்றி அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு ஜேர்மனில் கேட்டார். "விசாரித்ததில் எங்களைப் பற்றி என்ன சொன்னார்கள்?"

வேலை போய்விட்டது என்ற முடிவில் உண்மையைச் சொன்னேன். "திரை நிற்குமாம். நிற்காதாம். கேக் நல்லதாம். முதலாளி டிவோர்ஸ் எடுத்தவராம்."

"அது நான்தான்" என்றார் அந்த அம்மா. "கேக்கும் நான் செய்வதுதான்."

எழும்பி நின்ற நான் கதிரையில் இருந்துவிட்டேன்.

அன்று கையெழுத்து நடக்கவில்லை. கொஞ்சக் காலம் கழித்து நடந்தது. டேமியன் போய்விட்டார். தலைவர் பதவி மியூனிக்கில் ஒருவருக்குப் போனது. என் வேலை போகவில்லை. ஏன் என்று ஒருவரும் சொல்லவில்லை. ஜேர்மனில் இவ்வளவு பிழையில்லாமல் கத்தத் தெரிந்தவன் லண்டனில் இருப்பது நல்லது என்று அந்த அம்மா சொன்னதாகக் குமரன் சொல்கிறான். இப்போது டோர்ட்முண்டில் திரை நின்றாலும் போன் எனக்குத்தான் வருகிறது. "அண்ணை, உங்கட கம்பனி திரும்பவும் நிண்டுட்டுது" என்பாள் சுமதி. அணைத்துவிட்டுத் திரும்பப் போடச் சொல்வேன்.

கம்பனியில் வருடாவருடம் இரகசியம் காப்பது பற்றி ஒரு கட்டாயப் பயிற்சி இருக்கிறது. அதில், "உங்கள் உறவினர் ஒரு வாடிக்கையாளரின் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறார். அவரிடம் போனில் விசாரிக்கலாமா?" என்று ஒரு கேள்வி புதிதாகச் சேர்த்திருக்கிறார்கள். முதல் வருடம் நான் அதில் பெயில். (போன் எண்டு போட்டிருந்தது. நேரில போய்க் கேக்கிறதுதான் பிழை எண்டு நினைச்சன்.)

வீட்டில் நான் இதைப் பற்றிப் பேசினாலும் சிரிப்பார்கள், பேசாவிட்டாலும் சிரிப்பார்கள். கார் வாங்கப் போனால், "அப்பா, நாங்கள் வாங்கிறமா விக்கிறமா எண்டு முதல்ல கேளுங்கோ" என்பாள் அபி. கோயிலை மாற்றவும் வசந்தி விடவில்லை. அங்கே இன்னும் நான் ஐரோப்பாவுக்குத் தலைவர்.

போன மாதம் ஒஸ்லோவில் இருந்து தெரியாத இலக்கத்தில் ஒரு போன். வயதான ஒருவரின் குரல். வழக்கம்போல எல்லாரும் கேட்க வசந்தி ஸ்பீக்கரில் போட்டாள்.

"தம்பி, எங்கட பெடியனுக்கு ஒரு இடம் பாக்கிறம். இல்ஃபோர்ட்டில ஒரு பிள்ளை. தகப்பன் ஜேர்மன் கம்பனி ஒண்டை வாங்கின ஆளாம். உங்களுக்கு ஆளைத் தெரியுமெண்டு சொல்லிச்சினம். எப்பிடி ஆள்?"

என்னைப் பற்றி என்னிடமே விசாரிக்கிறார்.

அபி வாயைப் பொத்திக்கொண்டு கட்டிலில் விழுந்தாள். வசந்தி, ஒன்றும் சொல்லிக் கெடுத்துவிடாதீர்கள் என்று கையால் காட்டினாள். நான் கொஞ்சம் யோசித்தேன். இந்த முறையாவது பக்கத்தைச் சரியாகப் பிடிக்க வேண்டும்.

"நல்ல மனுசன், ஐயா" என்றேன். "ஆனா அந்தக் கம்பனியை அவர் வாங்கேல்லை."

"ஓமோம்" என்றார் அவர். "அடக்கமான ஆள் எண்டு டூட்டிங்கிலயும் சொன்னவை."