சேவைக் குழுவுக்கு வந்த மனு

கிணற்றில் தூர் வார மாட்டேன் என்று தயாளன் ஒருநாளும் சொன்னதில்லை. "அடுத்த சனிக்கிழமை" என்றுதான் சொல்வார். இப்படியே மூன்று கோடை ஓடிவிட்டது. வாளியை இறக்கினால் பாதி சேறும் பாதி தவளையுமாக வந்தது.

ஞாயிறு சர்ச்சுக்குப் போய்விடும். ஆபீஸ் அரை நாளோடு விடும் சனிக்கிழமை மத்தியானம் ஒன்றுதான் மனுஷன் கண்ணசரக் கிடைப்பது. அதையும் மனைவி ரத்தினபாய் கிணற்றில் தள்ளப் பார்த்தாள். மேற்குத் தாம்பரத்தில் அவர்கள் தெருவில் அப்போதுதான் ஒரு சேவைக் குழு தொடங்கியிருந்தார்கள். தயாளன் ஓடிப்போய்ச் செகரட்டரி ஆனார்.

"ஏங்க, எங்க கிளம்பிட்டீங்க?"

"குழு வேலை. தெருவுக்கு உழைக்கணும், ரத்தினம்."

"நம்ம கிணறு?"

"அது சொந்த வேலை. சொந்த வேலையை முன்னால வைக்கிறவன் செகரட்டரியா இருக்கலாமா?"

"நியாயந்தான். அப்போ மத்தவங்க வீட்டு வேலையெல்லாம் செய்வீங்களா?"

"மனு போட்டாப் போதும். மறுபேச்சே கிடையாது. நானே எழுதின சட்டம்!"

"நல்ல சட்டம்" என்றாள் ரத்தினபாய். இவ்வளவு லேசில் விட்டுவிட்டாளே என்று தயாளனுக்குப் பெருமையாக இருந்தது.

மற்றவர்கள் சாக்கடை வெட்டினார்கள். செகரட்டரி வேப்பமர நிழலில், கூட்டத் தீர்மானம் எழுதும் மினிட் நோட்டை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு மேற்பார்வை பார்த்தார். குறட்டை மட்டும் சற்று உரக்கக் கேட்டது.

மூன்றாவது சனிக்கிழமைக் கூட்டத்தில் தலைவர் சுந்தர்சிங் ஒரு மனுவை வாசித்தார். அவர் ஓய்வுபெற்ற டிரில் மாஸ்டர். முதல் பாதி முழுக்கத் தயாளன் தூங்கினார். "வீட்டுக்காரர் இருந்தும் இல்லாதவர். இறங்கிச் செய்ய ஆளில்லை. பக்கத்துத் தெருவிலிருந்து குடம் சுமக்கிறேன்" என்ற இடத்தில் விழித்துக்கொண்டார். நெஞ்சு கசிந்துவிட்டது. எழுந்து நின்றார்.

"ஒரு பொம்பளையை இப்படித் தவிக்க விடறவன் மனுஷனா? இந்த வேலைக்கு முதல் ஆளா நானே இறங்குறேன்!"

கைத்தட்டல் ஓயவில்லை. தயாளனே அதை நோட்டில் எழுதி, கையெழுத்தும் போட்டார். பிறகுதான் கேட்டார்:

"விலாசம்?"

"உங்க வூடுதான் சார்" என்றார் சுந்தர்சிங்.

நாலு மணிக்குத் தயாளன் இடுப்பளவு சேற்றில் நின்றார். மேலே தொண்டர்கள் கயிற்றைப் பிடித்தபடி, ரத்தினபாய் கொடுத்த எலுமிச்சைச் சாற்றை உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள்.

"நான் ராஜினாமா!" என்று கிணற்றுக்குள்ளிருந்து அலறினார்.

ரத்தினபாய் எட்டிப் பார்த்தாள். "நல்லதாப் போச்சுங்க. இனிமே சனிக்கிழமையெல்லாம் வீட்லதானே இருப்பீங்க? அடுக்களைக் கூரை ஓடு மாத்தணும்."

தயாளன் அவசரமாக யோசித்தார்.

"ராஜினாமா வாபஸ்! செகரட்டரியாவே இருக்கேன்!"

"சரிங்க" என்றாள் ரத்தினபாய். "அப்போ கூரைக்கும் ஒரு மனு போட்டுடறேன்."