சக்கரத்துக்கு ஒரு மூடி

"நூலக் குடுத்து அளவுங்கிறீங்களே, இது சுத்தளவா, குறுக்களவா?"

நெல்லித்தோப்பு ஸ்பேர்பார்ட்ஸ் கடை விஜயராகவன் கேட்டதும் தெய்வசிகாமணி திருதிருவென விழித்தார். டிரெய்லர் சக்கரத்தின் நடுவில், பேரிங்குக்குள் மண்ணும் தண்ணீரும் போகாமல் அடைக்கிற மூடியைக் காணோம். காலையில் கோயில் வாசலில் கிரீஸ் வைக்கக் குனிந்தபோதுதான் பார்த்தார்.

இன்றைக்குத்தானா காணாமல் போக வேண்டும்! மாசி மகம். சாரம் கோயில் அம்மன் டிரெய்லரில் ஏறி வைத்திக்குப்பம் கடலுக்குப் போகிற நாள். வருசா வருசம் பலராமன் டிரெய்லரில்தான் போவாள். இந்த வருசம் பூசாரியின் கையைக் காலைப் பிடித்து தெய்வசிகாமணி அந்தப் பாக்கியத்தை வாங்கியிருந்தார். டிராக்டர் ஓட்ட மச்சான் பிரேம்குமாரும் தயார். கொஞ்சம் தாமதித்தால் போச்சு, பலராமன் வண்டியும் அலங்காரத்தோடு பக்கத்திலேயே நிற்கிறது. அதே பச்சைப் பெயின்ட், அதே வாழைமரம், அதே வேப்பிலை.

"குறுக்களவுதான்" என்று குத்துமதிப்பாக அடித்துவிட்டார்.

வாங்கிப் போன மூடி நுழையவே இல்லை. சுத்தியலால் நாலு போடு போட்டதில் நசுங்கியது.

அடுத்து மனைவி சுலோசனாவின் வளையல். ஓட்டைக்குள் கச்சிதமாக உட்கார்ந்தது. உட்கார்ந்தது எழுந்திருக்கவில்லை. குறடு போட்டு இழுத்த பிறகு வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டினார்.

"ஐயையோ, எங்கம்மா போட்ட வளையலு! கொழுக்கட்டையாட்டம் ஆக்கிட்டீங்களே!"

"கத்தாத. சாமி காரியம்."

கொழுக்கட்டை அளவுக்கு வாங்கிய மூடி தொளதொளவென்று கழன்று விழுந்தது.

மூன்றாவதாக, சப்பாத்தி மாவை ஓட்டையில் அழுத்தி அச்செடுத்தார். அருமையான யோசனைதான். ஆனால் ஒரு கையில் மாவு, ஒரு கையில் டிவிஎஸ் ஃபிப்டி. குறுக்கே மாடு வந்ததும் மாவைத்தான் இறுக்கிப் பிடித்தார்.

விஜயராகவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுக்கு மூடி இல்லண்ணே. பக்கத்து ஓட்டல்ல குருமா வேணா தருவாங்க. பேசாம சக்கரத்து நடுவுல இருக்கிற அந்த ஹப்பையே கழட்டிக்கிட்டு வாங்க!"

சக்கரத்தைக் கழற்றி, ஹப்பைச் சாக்கில் கட்டிக்கொண்டு போனார். 'டக்'கென்று உட்கார்ந்தது மூடி. பறந்து வந்தார்.

கோயில் வாசலில் ஒரே ஒரு டிரெய்லர், சக்கரமில்லாமல் சாய்ந்து நின்றது. அம்மனைக் காணோம்.

"அடப்பாவி பலராமா! கொஞ்ச நேரம் பொறுக்கக் கூடாதா?" மச்சானையும் காணோம். பிரசாதப் பொங்கலுக்கு அலைகிறவன், கூட்டத்தோடு போயிருப்பான். தெய்வசிகாமணிக்கு நிஜமாகவே அழுகை வந்துவிட்டது. ஆனாலும் விடவில்லை. திரும்பி வரும்போதாவது அம்மா என் வண்டியில் ஏறட்டும் என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஹப்பை மாட்டி, கிரீஸ் அப்பி, சக்கரத்தை முடுக்கி, மூடியைத் தட்டி இறக்கினார்.

பலராமன் மனைவி மணியம்மாள் சொம்பில் மோர் கொண்டுவந்தாள்.

"முடிச்சிட்டீங்களாண்ணே?"

"முடிச்சிட்டேன்! ஒன் வூட்டுக்காரன்கிட்ட சொல்லு, திரும்பி வர்றப்ப அம்மன் என் வண்டியிலதான்!"

"போறப்பவே உங்க வண்டியிலதாண்ணே போச்சி, உங்க மச்சான்தான் ஓட்டிக்கிட்டுப் போனாரு, இது எங்க வண்டின்னு நீங்க சக்கரத்தக் கழட்டுறப்பவே சொல்ல வந்தேன், எங்க வூட்டுக்காரருதான் 'மூடிய மாட்டி முடிக்கட்டும், அப்புறம் சொல்லு'ன்னுட்டுப் போனாரு."