மாதிரிக்கு, தொடாதே

மூடியை நெம்பியதும் பாட்டில் ஒருமுறை விக்கியது. அடுத்த நொடி பாதிப் பீர் கண்ணாடிக்கடைக்காரரின் சட்டையிலும், மேசைமேல் துடைத்து வைத்திருந்த இரண்டு மூக்குக்கண்ணாடிகளிலும் வழிந்துகொண்டிருந்தது.

அது அவருடைய அண்ணன் காய்ச்சிய பேல் ஏல் வகைப் பீர். அந்தக் கைப்பக்குவத்தில் உலகத்திலேயே மிஞ்சியிருந்தது அந்த ஒரு பாட்டில்தான். லேபிளில் அண்ணனின் கையெழுத்து: ‘மாதிரிக்கு. தொடாதே.’

அண்ணன் போய் ஐந்து மாதம். அவர் விட்டுப்போன சின்னப் பீர்ப் பட்டறையைத் தொடர்ந்து நடத்துவதா, மூடிவிடுவதா என்று அண்ணி அன்று முடிவு செய்தாக வேண்டும். பட்டறையில் மிஞ்சியவர் ஒரே ஒரு வேலைக்காரர். வாயைத் திறப்பது அபூர்வம் என்பதால் எல்லாருக்கும் அவர் ‘பூட்டு’. அவர் தனியாக ஒரு தொட்டி காய்ச்சி முடித்திருந்தார். நான்கு மணிக்கு அண்ணனின் பாட்டிலையும் பூட்டின் பாட்டிலையும் அடுத்தடுத்துச் சுவைப்பதாக ஏற்பாடு. ருசி ஒன்றாக இருந்தால் பட்டறை உண்டு.

யோசனை கண்ணாடிக்கடைக்காரருடையது. “அதைப் போய் எதுக்குத் தம்பி திறக்கணும்? இருந்துட்டுப் போகட்டுமே,” என்று அண்ணி ஒரு மாதமாகச் சொல்லிப் பார்த்தார். பூட்டு கூரையைப் பார்த்தார். இருவருக்கும் துக்கம் இன்னும் ஆறவில்லை என்று இவர் நினைத்துக்கொண்டார்.

காலையில் பாட்டிலைத் தன் கடைக்குக் கொண்டுவந்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அடியில் வண்டல். அது ஈஸ்ட், அசைக்காமல் ஊற்ற வேண்டும் என்பது பீர்க்காரர்களுக்குத் தெரியும். இவருக்குத் தெரிந்ததெல்லாம் இருமல் மருந்து. நன்றாகக் குலுக்கினார். பிறகு, கெட்டுவிட்டதா என்று முகர்ந்து பார்க்கத் திறந்தார். மூடி கோணலாக இருந்ததைக் கவனித்தார். அண்ணன் எதைத்தான் நேராகப் பொருத்தினார் என்று நெகிழவும் செய்தார்.

மீதி பாதியைப் பார்த்தபடி அவர் நின்றபோது தொலைபேசி அடித்தது.

“தம்பி, பாட்டில் பத்திரமா இருக்கா?”

“இருக்கு அண்ணி.” பாட்டில் இருந்தது. பொய் இல்லை.

“திறக்கலையே?”

“நான் ஏன் அண்ணி திறக்கப்போறேன்?”

“இல்ல, கை தவறிக் கீழ விழுந்து உடைஞ்சாக்கூட நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன். சொல்லி வைக்கிறேன்.”

என்ன பெரிய மனசு என்று அவருக்குக் கண் கலங்கியது. அந்த மனசை நோகடிக்கக் கூடாது என்று கடை பீர் வாங்கி வந்து பாட்டிலை நிரப்பினார். நிறம் வெளுத்துவிட்டது. கொஞ்சம் தேயிலைச் சாறு விட்டார். கஷாயமாகிவிட்டது. கொஞ்சம் கொட்டிவிட்டு சோடா ஊற்றினார். நிறம் வந்தது, மணம் போயிற்று. அண்ணனின் பீரில் ஆரஞ்சு மணம் அடிக்கும் என்பது நினைவுக்கு வர, ஒரு தோலைக் கழுத்துக்கு நேராகப் பிழிந்தார். தோல் உள்ளே விழுந்தது. கண்ணாடித் திருகாணி எடுக்கும் இடுக்கியை விட்டுத் துழாவியதில் தோல் இன்னும் கீழே போனது. ஈரத்தில் லேபிளும் கழன்றது. லென்ஸ் பசை போட்டு ஒட்டி, மூடியைக் குறடால் நெரித்து நிமிர்ந்தபோது மணி மூன்றரை.

அண்ணி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மூன்று டம்ளர்கள். பக்கத்தில் பூட்டின் பாட்டில், திறக்காமல்.

“லேபிள் தலைகீழா இருக்கே,” என்றார் அண்ணி.

“அண்ணன் ஒட்டினது. அவர் அப்படித்தான்.”

அண்ணி அவசரமாகப் பாட்டிலைத் தள்ளி வைத்தார். “இன்னொரு நாள் வச்சுக்கலாமே, தம்பி.”

“எனக்கும் அதான் தோணுது.”

“நீங்கதானே ஒரு மாசமா என் உயிரை வாங்கினீங்க?”

கண்ணாடிக்கடைக்காரர் மூடியைத் திறந்து ஊற்றினார். அண்ணியின் டம்ளரில் முதலில் விழுந்தது ஆரஞ்சுத் தோல். மூவரும் ஆளுக்கு ஒரு வாய் குடித்தார்கள். அண்ணியின் முகம் ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. பூட்டு விழுங்கிவிட்டுத் தன் கால்விரலைப் பார்த்தார்.

“அண்ணி,” என்றார் கண்ணாடிக்கடைக்காரர். “அண்ணன் பீர்ல பாதியை என் சட்டைதான் குடிச்சுது. இது நான் கலந்தது.”

அண்ணி டம்ளரை வைத்தார். கோபம் வரும் என்று இவர் காத்திருந்தார். வந்தது சிரிப்பு; கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் அவரால் பேச முடிந்தது.

“உங்க சட்டை குடிச்சது கடை பீர், தம்பி. அவர் போன ரெண்டாவது வாரமே அந்தப் பாட்டிலை நான் காலி பண்ணிட்டேன். ஒரு வாய்தான்னு எடுத்தேன். அச்சு அசலா அவர் கை. அவரே பக்கத்துல வந்து உக்காந்த மாதிரி இருந்துச்சு. அப்புறம் பார்த்தா அடி வண்டல்தான் மிச்சம். கடை பீரை ஊத்தி நானே மூடியை நசுக்கி வச்சுட்டேன்.”

இருவரும் கொஞ்ச நேரம் சிரித்தார்கள். பிறகு நிறுத்திக்கொண்டார்கள். மாதிரியே இல்லை என்றால் எதோடு ஒப்பிடுவது?

“அவ்வளவுதான்,” என்று பட்டறைச் சாவியை மேசைமேல் வைத்தார் அண்ணி. “அந்த ருசி என்னோட போச்சு.”

பூட்டு தொண்டையைச் செருமினார்.

“அக்கா, லேபிள் ஒட்டின அன்னிக்கே அண்ணன் அதைக் குடிச்சுட்டு, ‘வெளியே சொல்லாதே, உன்னோடதை ஊத்தி வை’ன்னார், நீங்க குடிச்சது நான் காய்ச்சினது.”