மூன்று மாதக் குழந்தைக்குப் பயந்தவன்

எழுபத்திரண்டாவது வயதில் நான் ஒரு சபதம் எடுத்தேன். மூன்று மாதக் குழந்தை ஒன்றின் முன்னால் பல்லைக் காட்டுவதில்லை.

பைத்தியம் என்று நினைக்காதீர்கள். பக்கத்து வீட்டு ரீனா பிட்சூயிக்கு ஜூன் மாதம் பெண் குழந்தை பிறந்தது. இந்த ஊர்க்காரர்கள் நவஹோக்கள், அமெரிக்கப் பழங்குடிகள். அவர்களிடம் ஒரு வழக்கம். குழந்தையை முதன்முதலாக வாய்விட்டுச் சிரிக்க வைத்தவர் யாரோ, அவர்தான் ஊரைக் கூட்டி விருந்து வைக்க வேண்டும். ஆடு அடிக்க வேண்டும். ரொட்டி சுட வேண்டும். குழந்தையின் கையைப் பிடித்து, வருகிறவர்களுக்கெல்லாம் கல்லுப்பு எடுத்துக் கொடுக்க வேண்டும். இது போதாதென்று, சிரிக்க வைத்தவரின் குணம் குழந்தைக்கு ஒட்டிக்கொள்ளுமாம். நானோ, ரொட்டி சுற்றி வந்த அலுமினியத் தாளைக் கழுவிக் காயப்போட்டு மறுபடி உபயோகிக்கிற ஆள். என் குணம் ஒட்டினால் அந்தப் பெண்ணின் கதி என்ன? குழந்தையின் நன்மையைக் கருதித்தான் முகத்தை இழுத்து வைத்திருக்கிறேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன். உண்மைக் காரணம் வேறு. அதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது.

நானும் என் மனைவி ஆர்வில்லாவும் ஐடஹோவில் நாற்பது வருடம் மாடு வைத்துப் பால் கறந்தவர்கள். மாடுகளை விற்ற கையோடு மிஷன் ஊழியத்துக்கு வந்தோம், ஒன்றரை வருடத்துக்கு. வந்தோம் என்றா சொன்னேன்? ஆர்வில்லா விண்ணப்பம் போட்டாள். எனக்குத் தெரிய வந்தபோது பெட்டி கட்டியாகிவிட்டது.

ஊழியம் என்றால் பிரசங்கம் என்று நினைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஏழு பேர் வருவார்கள். வழி தப்பி வரும் ஆட்டையும் சேர்த்தால் எட்டு. மற்ற நாளெல்லாம் தண்ணீர்ப் பீப்பாய் ஏற்றுவதும், வயசானவர்களுக்கு விறகு வெட்டிப் போடுவதும், யாரையாவது சின்லி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவதும்தான். அதற்கு மேல் காத்திருக்கிற வேலை. இங்கே யார் வீட்டுக் கதவையும் போய்த் தட்டக் கூடாது. வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருக்க வேண்டும். அவர்களுக்குத் தோன்றினால் வெளியே வருவார்கள். அந்த நேரத்தில் ஆர்வில்லா பின்னல் ஊசியை எடுப்பாள். நான் ஐடஹோவை எடுப்பேன். என் சாய்வு நாற்காலி, என் பட்டறை, என் பீச் மரங்கள்.

ஆர்வில்லாவுக்கு ஊரெல்லாம் உறவு. ஒருத்திக்கு அக்கா, இன்னொருத்திக்கு அம்மா. அவர்கள் பாஷையிலேயே கேலி பேசுகிற அளவுக்குத் தேறிவிட்டாள். நான் கற்றது இரண்டே வார்த்தை. தண்ணீர், விறகு.

செப்டம்பர் முதல் வாரம் மிஷன் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. அக்டோபர் கடைசியோடு எங்கள் காலம் முடிகிறது. இன்னும் ஆறு மாதம் இருக்க இருவருக்கும் சம்மதமா என்று கேட்டிருந்தார்கள்.

"என்னங்க, கடுதாசி படிச்சீங்களா?"

"படிச்சேன்."

"என்ன எழுதலாம்?"

"பாக்கலாம்."

"பாக்கலாம்னா?"

"பாக்கலாம்னா பாக்கலாம்."

நாற்பத்தெட்டு வருடத் தாம்பத்தியம். என் 'பாக்கலாம்' எந்த ஊர் 'பாக்கலாம்' என்று அவளுக்குத் தெரியும். ஒன்றும் பேசாமல் மாவு பிசையப் போனாள். அவள் பேசியிருந்தால் பதிலுக்கு நானும் பேசியிருப்பேன். பிசைகிறவளிடம் என்ன பேசுவது?

மறுநாள் சின்லிக்குப் போன இடத்தில், வண்டியில் உட்கார்ந்தபடியே பதில் எழுதினேன். 'நாங்கள் இருவரும் கலந்து பேசி, ஜெபித்து, வீடு திரும்புவது என்று முடிவு செய்தோம்.' பேசவும் இல்லை, ஜெபிக்கவும் இல்லை. அவள் கையெழுத்தையும் நானே போட்டேன். ஊருக்கெல்லாம் பொய் சொல்லாதே என்று போதிக்க வந்தவன், ஒரே வரியில் இரண்டு பொய் எழுதித் தபாலில் சேர்த்துவிட்டு, வழியில் ஐஸ்கிரீமும் சாப்பிட்டேன்.

சாயங்காலம் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். அன்று அவள் சிரித்த முகமாக இருந்தாள். கெடுப்பானேன் என்று விட்டேன். மறுநாள் முகம் வாட்டமாக இருந்தது. அதில் இதையும் சேர்ப்பானேன் என்று விட்டேன். முதல் நாளே சொல்லியிருந்தால் அரை நாள் சண்டையோடு போயிருக்கும். ஒரு வாரம் தள்ளியதும் அது அரை வருடச் சண்டையாக வளர்ந்துவிட்டது. அவளும் அதற்கப்புறம் கடிதத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. மறந்துவிட்டாள் என்று முடிவு கட்டினேன். ஆர்வில்லா எதையாவது மறந்ததாகச் சரித்திரம் கிடையாது. அப்போதாவது நான் யோசித்திருக்க வேண்டும்.

கடிதத்தைப் பற்றிக் கேட்காதவள், குழந்தையை என் கையில் திணிக்க ஆரம்பித்தாள். ரீனாவும் கூட்டு.

"தாத்தா, செத்த புடிச்சுக்கோங்க."

"எனக்கு முதுகு வலி, ரீனா."

"இவ பூனைக்குட்டி கனம்கூட இல்ல. நேத்து தண்ணிப் பீப்பாயைத் தூக்கினீங்களே."

"அப்பத்தான் வலி வந்துச்சு."

அவர்கள் திட்டம் எனக்குப் புரியாமல் இல்லை. குழந்தை என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டால் நான் விருந்து வைக்க வேண்டும், விருந்து வைத்தால் உறவாகிவிடுவேன், உறவானவனை ஊர் விடாது, ஆறு மாதத்துக்குச் சம்மதித்துவிடுவேன். இதுதான் ஆர்வில்லாவின் கணக்கு என்று நான் கணக்குப் போட்டேன். அதனால்தான் சபதம். குழந்தை இருக்கும் பக்கமெல்லாம் சாவு வீட்டுக்குப் போகிறவன் மாதிரி போனேன். ஊரில் எனக்குப் பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். அவர்கள் பாஷையில் அது நீளமான பெயர். 'சிரிக்கத் தெரியாத விறகுக்காரர்' என்று அர்த்தம்.

செப்டம்பர் கடைசியில் ஒரு நாள் காலை, ரீனா வீட்டு அடுப்பின் புகைக்குழாய் அடைத்துக்கொண்டது. என்னைக் கூப்பிட்டார்கள். கிளம்புகிற அவசரத்தில் என் பல்செட்டுக்குத் தடவும் பசையைக் காணவில்லை. வைத்த இடத்தில் இல்லை. தேடிக்கொண்டிருந்தால் நேரமாகிறது என்று ஆர்வில்லா விரட்டினாள். பசை இல்லாமலே மாட்டிக்கொண்டு போனேன்.

நான் ஏணியில் ஏறியதும் பெண்கள் இரண்டு பேரும் ஆட்டுப் பட்டியைப் பார்த்துவிட்டு வருகிறோம், இரண்டே நிமிஷம் என்று நழுவினார்கள். குழந்தையைத் தொட்டில் பலகையில் கட்டி, எனக்கு நேர் எதிரே சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். அது என்னைப் பார்த்தது. நான் புகைக்குழாயைப் பார்த்தேன். அது உதட்டைப் பிதுக்கியது. அழுதால் ஆபத்தில்லை, அழட்டும் என்றிருந்தேன். ஆனால் பெற்றவள் பக்கத்தில் இல்லாத குழந்தையை எவ்வளவு நேரம் அழ விடுவது? மனசு கேட்காமல் பேச்சுக் கொடுத்தேன். சிரிப்பு வராத விஷயமாகப் பார்த்து எடுத்தேன். எங்கள் ஊர் வாய்க்கால் தண்ணீரில் யாருக்கு எத்தனை மணி நேரம் முறை என்பதை மேலிருந்து கீழாக விளக்கினேன். குழந்தை கவனமாகக் கேட்டது. மூன்றாவது மடை வரும்போது புகைக்குழாய் பிடுங்கிக்கொண்டது. ஒரு கூடைக் கரி என் தலையில். தும்மினேன். நான் பல்லைக் காட்டவில்லை. பல் தானாகவே போய்க் காட்டியது. மேல்வரிசை முழுவதும் அறையைத் தாண்டிப் பறந்து, குழந்தையின் காலடியில் போய் உட்கார்ந்தது.

குழந்தை பல்லைப் பார்த்தது. என்னைப் பார்த்தது. முதலில் விக்கல் மாதிரி ஒன்று வந்தது. பிறகு சிரித்தது. வயிறு குலுங்க, பலகை ஆட, கண்ணில் நீர் வரச் சிரித்தது.

இரண்டு நிமிஷம் என்று போனவர்கள் இரண்டே நொடியில் கதவருகில் நின்றார்கள். மிஷனில் கணவனை 'எல்டர்' என்று அழைக்க வேண்டும் என்பது விதி. நான் அகப்பட்டுக்கொள்ளும் சமயங்களில் மட்டும் ஆர்வில்லா அந்த விதியைக் கடைப்பிடிப்பாள்.

"என்ன எல்டர், குழந்தை என்ன சொல்லுது?"

"தாத்தா, ஆடு உங்களுது," என்றாள் ரீனா.

நான் வாயைத் திறக்கவில்லை. பல் இல்லை என்பதற்காக மட்டுமல்ல. எனக்கு ஐந்து பிள்ளைகள். ஐந்தில் ஒன்றின் முதல் சிரிப்பையும் நான் பார்த்ததில்லை. கொட்டகையிலேயே கிடந்தேன். சாயங்காலம் உள்ளே வந்தால் ஆர்வில்லா ஓடி வந்து, குழந்தை இன்னிக்குச் சிரிச்சுதுங்க என்பாள். அப்படியா, அந்தப் பால் கேனை எடு என்பேன். ஐந்து தடவையும் அதையேதான் சொன்னேன். அந்தக் கரி மூஞ்சியோடு நின்றபோது அது ஞாபகம் வந்தது. மாடு ஒரு மணி நேரம் கத்தினால் என்ன ஆகியிருக்கும்?

பசை அன்று மாலை ஆர்வில்லாவின் ஏப்ரன் பையில் இருந்தது. சண்டை போடவில்லை. கடிதம் எப்போதோ போய்விட்டது, இவள் இன்னும் வலை வீசிக்கொண்டிருக்கிறாளே என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். அந்தச் சிரிப்பு நினைத்த அளவு இனிக்கவில்லை.

நாலு நாளில் விருந்து. ஆட்டுக்கு ஹெர்மன் நக்காயிடம் போனேன். ஹெர்மன் எண்பது தாண்டியவர், ஒற்றை ஆள், மேட்டில் ஹோகன் என்கிற மண் பூசிய மரக் குடிசையில் இருக்கிறார். போன குளிர்காலம் முழுவதும் அவருக்கு விறகு வெட்டிப் போட்டேன். ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆட்டுக்குப் பதில் என்ன வேண்டும் என்று ரீனாவைக் கேட்கச் சொன்னேன். அவர் உதட்டைக் குவித்து என் வண்டியில் கிடந்த மோட்டார் ரம்பத்தைக் காட்டினார். ஐடஹோவிலிருந்து கொண்டுவந்த ரம்பம். யாருக்கும் இரவல் கொடுத்ததில்லை. ஊருக்குப் போகிறவனுக்கு இங்கே ரம்பம் எதற்கு என்று கொடுத்துவிட்டேன். நல்ல ஆட்டையே பிடித்துக் கட்டினார்.

விருந்துக்கு அறுபது பேர் வந்தார்கள். பிரசங்கத்துக்கு வராத ஐம்பத்து மூன்று பேர் என்று ஆர்வில்லா காதில் சொன்னாள். நான் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, அதன் கைக்குள் உப்பை வைத்து, ஒவ்வொருவர் உள்ளங்கையிலும் போட வைத்தேன். முதல் பத்துப் பேருக்குச் சிக்கனமாகத்தான் போட்டேன். ரீனா முறைத்தாள். அப்புறம் கை தாராளமாகிவிட்டது. வந்தவர்கள் உப்பை நாக்கில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துத் தலையாட்டினார்கள். ஒன்றரை வருடமாக எனக்குக் கிடைக்காத தலையாட்டல். வாங்கிக்கொள்ள நான்தான் எங்கேயும் நின்றதில்லை.

கடைசியில் ஹெர்மன் வந்தார். உப்பை வாங்கிக்கொண்டு நகராமல் நின்று மெதுவாக ஏதோ சொன்னார். என்ன என்று ரீனாவைக் கேட்டேன்.

"ரம்பம் நல்லா இருக்காம். ஆனா அவருக்கு அதை ஓட்ட வராதாம்."

"பின்னே எதுக்கு வாங்கினாராம்?"

"பனிக்காலத்துல நீங்க வந்து வெட்டுவீங்கல்ல, அதுக்குத்தானாம். வண்டியில தூக்கிட்டு அலைய வேணாம், அவர் வீட்டுலயே இருக்கட்டும்னு வாங்கி வச்சிருக்காராம்."

நான் தலையை ஆட்டினேன். வேறென்ன செய்வது? மடியில் குழந்தை என் கட்டைவிரலைப் பிடித்திருந்தது. அதற்கும் ஒரு பொய்யன் குணத்தைக் கொடுத்துவிட்டேனே என்று இருந்தது.

இரண்டு வாரம் சாப்பாடு இறங்கவில்லை. அலுவலகத்துக்குத் திருட்டுத்தனமாகப் போன் செய்து பார்த்தேன். எங்கள் இடத்துக்கு வேறு தம்பதியை நியமித்தாகிவிட்டது, மாற்ற முடியாது, உங்கள் ஜெபத்துக்கு நல்ல பதில் கிடைத்திருக்கும் என்று நம்புகிறோம் என்றார்கள்.

அக்டோபர் நடுவில், ஹெர்மனுக்குத் தண்ணீர் கொண்டுபோய், அவர் வெளியே வரட்டும் என்று வண்டியில் உட்கார்ந்திருந்தோம். ஆர்வில்லா ஊசியை எடுத்தாள். நான் ஐடஹோவை எடுத்தேன். வரவில்லை. இந்தச் சிவப்பு மண்ணும் அந்த ரம்பமும்தான் வந்தன. இதற்கு மேல் தாங்காது என்று ஆரம்பித்தேன்.

"ஆர்வி, ஒண்ணு சொல்லணும். அந்தக் கடுதாசிக்கு..."

"போயிடறோம்னு பதில் எழுதிட்டீங்க. என் கையெழுத்தையும் போட்டு. அதுல 'ர'வைத் தப்பா வளைச்சிருந்தீங்களாம்."

எப்படித் தெரியும் என்று கேட்டேன். பதில் போய்ச் சேர்ந்த அன்றைக்கே அலுவலகத்திலிருந்து அவளுக்குப் போன் வந்ததாம். புதுத் தம்பதி வர ஒப்புக்கொண்ட செய்தியும் அதே வாரம் வந்ததாம். விருந்துக்கு முன்னால், பசை தொலைவதற்கும் முன்னால்.

"தெரிஞ்சுமா சும்மா இருந்தே? ஒரு வார்த்தை திட்டக்கூட இல்லியே."

"திட்டினா என்ன ஆகும்? நீங்களும் பதிலுக்குக் கத்துவீங்க. ரெண்டு பேருக்கும் மனசு லேசாயிடும். உங்க மனசு ஏன் லேசாகணும்?"

ஹோகன் கதவு இன்னும் திறக்கவில்லை. நான் வாய்விட்டே சொன்னேன், எனக்குப் போக மனசில்லை என்று. நான் செய்தது தப்பு என்று. நாற்பத்தெட்டு வருடத்தில் இரண்டையும் சேர்த்துச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் ஊசியை மடியில் வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கண்ணும் கலங்கியிருந்தது.

"ஒண்ணு மட்டும் புரியல. போறதுதான்னு முடிஞ்சு போச்சு. அப்புறமும் எதுக்கு அந்தக் குழந்தையை என்கிட்ட கொண்டு வந்து கொண்டு வந்து வச்சே? பசையை எதுக்கு ஒளிச்சே?"

ஆர்வில்லா கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் ஊசியை எடுத்தாள்.

"வீட்டுக்குப் பத்து மணி நேரப் பயணம். நான் வழியெல்லாம் அழுதுக்கிட்டு வருவேன், நீங்க சீட்டியடிச்சுக்கிட்டு ஓட்டுவீங்க. அந்தச் சீட்டியையாவது நிறுத்தலாம்னுதான்."