ஹெட்மாஸ்டரின் வலது தோள்

தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரைக்கும் வீடு வீடாகச் சலித்துப் பார்த்தாலும், தன் சொந்த மெத்தையைக் குதிரைக்குக் கொடுத்துவிட்டுப் பாயில் படுத்த கணக்கு டீச்சர் ஒருவர்தான் அகப்படுவார். அந்த ஒருவர் எங்கள் பக்கத்து வீட்டில் இருந்தார்.

எண்பதுகளின் கடைசியில் பீர்க்கன்கரணை ஏரிக்குப் பக்கத்தில் மனை வாங்கி வீடு கட்டிக் குடிவந்தவர்கள் நாங்கள். தெருவுக்குப் பாம்பு தவறாமல் வரும். தபால்காரர் நினைத்தால் வருவார். டீச்சருக்கு ஐம்பதைத் தொடும் வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நல்ல உயரம். தோளில் கைப்பை மாட்டாமல் வாசலில் கோலமாவு வாங்கக்கூட வரமாட்டார். அவருக்கு ஞானஸ்நானத்தில் வைத்த அழகான பெயர் ஒன்று உண்டு. அதை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. பால்காரர் முதல் பாதிரியார் வரை எல்லோருக்கும் அவர் 'குதிரை டீச்சர்'தான்.

அந்தப் பட்டம் வந்ததற்கு என் மைத்துனன் ரவிதான் காரணம். சைக்கிளில் ஏறினாலே கண்ணை மூடிக்கொள்கிற பிள்ளை அவன். அவனைத்தான் கல்யாணத்துக்கு முந்தைய நாள் மாப்பிள்ளை ஊர்வலத்தில் குதிரைமேல் ஏற்றினார்கள். தாம்பரம் கல்யாண மண்டபத்து வாசலை நெருங்கும்போது, உற்சாகம் தாங்காத ஒரு உறவுக்காரர் குதிரையின் காலடியிலேயே சரவெடியைப் பற்ற வைத்தார். குதிரை பாய்ந்தது. ரவி அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, கட்டப்போகிறவள் பெயரை விட்டுவிட்டு "அம்மா!" என்று கத்தினான். மண்டபத்து இரும்புக் கேட்டின் தூணில் குதிரையின் வலது தோள் 'டம்'மென்று மோதியது. ரவி பறந்துபோய் பேண்டு வாத்தியக்காரரின் பெரிய டிரம் மேல் விழுந்தான். டிரம் கிழிந்தது, மாப்பிள்ளைக்கு ஒரு கீறல் இல்லை.

கூட்டம் முழுக்க மாப்பிள்ளையிடம் ஓடியது. அழைப்புக்கு வந்திருந்த டீச்சர் மட்டும், கையில் பரிசுப் பொட்டலத்தோடு, குதிரையிடம் போனார்.

குதிரைக்காரர் கோதண்டம் பல்லாவரத்துக்காரர். தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"இன்னா டீச்சர் பாக்குறீங்க? தோள் பூட்ச்சி. இனிமே இத்த வெச்சிகினு நான் இன்னா பண்றது? எவனாச்சும் வந்து இட்டுகினு பூடுவான்."

"யாரு வருவாங்க?"

கோதண்டம் கழுத்தில் விரலால் ஒரு கோடு இழுத்துக் காட்டினார். எந்த மாதிரி ஆள் வருவான் என்பது டீச்சருக்குப் புரிந்துவிட்டது.

"எங்க வீட்டுக்குக் கொண்டு வந்து விட்டுடுங்க."

"டீச்சர், இது நாய்க்குட்டி இல்ல."

"தெரியுது. பின்னாடி இடம் இருக்கு."

மறுநாள் ரவி தாலி கட்டிக்கொண்டிருந்த நேரத்தில், எங்கள் தெருவில் ஒரு குதிரை நொண்டிக்கொண்டே கிரகப்பிரவேசம் செய்தது.

பார்க்க வந்த கால்நடை டாக்டர் இளைஞர். பசுமாடும் நாயும்தான் அவருக்குப் பழக்கம். குதிரை என்றதும் தன் பழைய பேராசிரியரைப் போய்க் கேட்டுவிட்டு வந்து சொன்னார். எலும்பு உடையவில்லை. தோள்பட்டை எலும்பின் முன் விளிம்பில் ஒரு நரம்பு வளைந்து ஓடுகிறது. தூணில் மோதியதில் அது நசுங்கிவிட்டது. அந்த நரம்பை நம்பியிருக்கிற சதை இனிமேல் வற்றும். நரம்பு மறுபடி உயிர்த்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. ஓய்வும், தினமும் சதையைப் பிசைந்து விடுவதும்தான் நம்மால் ஆவது.

அவர் சொன்னபடியே ஆயிற்று. சில வாரங்களில் வலது தோள் குழிந்து, நடுவில் எலும்பு மட்டும் வரப்பு மாதிரி துருத்திக்கொண்டு நின்றது. காலை ஊன்றும்போதெல்லாம் தோள் வெளிப்பக்கமாக ஒரு வெட்டு வெட்டும்.

"என்னோட முதல் ஸ்கூல்ல ஒரு ஹெட்மாஸ்டர் இருந்தார். வராண்டாவுல அப்படியே இப்படித்தான் வருவார்" என்றார் டீச்சர். அன்றோடு குதிரைக்குப் பெயர் ஹெட்மாஸ்டர் ஆகிவிட்டது.

இதனால் வந்த வினையைச் சொல்ல வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, டீச்சர் வேலை பார்த்த பள்ளியின் நிஜ ஹெட்மாஸ்டர், தன் மகள் கல்யாணப் பத்திரிகையோடு அவர் வீட்டுக்கு வந்திருக்கிறார். காபி டம்ளரை வாயில் வைக்கிற நேரம். இது தெரியாமல் என் மனைவி சாந்தா சுவருக்கு இந்தப் பக்கமிருந்து கூவினாள்:

"டீச்சர்! உங்க ஹெட்மாஸ்டர் தலையை நீட்டி என் துளசியை மொத்தமா தின்னுட்டார்! அவருக்குக் கொள்ளு வெக்கறீங்களா இல்லையா?"

நிஜ ஹெட்மாஸ்டர் பாதி காபியிலேயே எழுந்து போய்விட்டார். கல்யாணப் பத்திரிகையை வைத்துவிட்டுப் போனாரா, எடுத்துக்கொண்டு போனாரா என்று டீச்சர் கடைசிவரை சொல்லவில்லை.

பள்ளிக்குப் போகும் முன்னும் வந்த பின்னும் டீச்சர் அந்தத் தோளில் வேப்பெண்ணெய் தடவிச் சப்பாத்தி மாவு மாதிரி பிசைவார். கை அந்தப் பழக்கத்திலேயே ஊறிவிட்டது. ஒருநாள் பஸ்ஸில் நின்றுகொண்டே ஏதோ யோசனையில், முன்னால் நின்ற அம்மாளின் தோளைப் பிசைய ஆரம்பித்துவிட்டார். அந்த அம்மாள் திரும்பிப் பார்த்து முறைத்தாள். பிறகு, "கொஞ்சம் கீழ, அங்கதான் ரொம்ப நாளா வலிக்குது" என்றாளாம்.

தெரு நலச் சங்கத்துச் செயலாளர், ஈ மொய்க்கிறது, நாறுகிறது என்று ஒரு கூட்டம் போட்டார். "சார், சாணி உரம் வேணும்னா எடுத்துக்குங்க" என்றார் டீச்சர். மறுநாள் காலையில் கூடையோடு முதல் ஆளாக நின்றவர் செயலாளர்தான். அந்த வருஷம் எங்கள் தெருவில் பூத்த ரோஜாக்களுக்கெல்லாம் ஹெட்மாஸ்டர்தான் பொறுப்பு.

அடுத்தது முழங்கை. குதிரைக்கும் முழங்கை உண்டு, அது மார்பை ஒட்டி இருக்கிறது என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். சிமெண்ட் தரையில் காலை மடக்கிப் படுக்கும்போது லாடம் அந்த முழங்கையில் அழுத்தி அழுத்தி, கொய்யாப்பழம் அளவுக்கு ஒரு வீக்கம் வந்துவிட்டது. டாக்டர் சொன்னபடி, சைக்கிள் டியூபுக்குள் தேங்காய் நாரைத் திணித்து வளையமாக்கி, குளம்புக்கு மேலே மாட்டிவிட்டார் டீச்சர். "படுக்கையும் மெத்துன்னு இருந்தா நல்லது" என்று டாக்டர் வாய் தவறிச் சொன்னார். அவர் மனதில் இருந்தது வைக்கோல். டீச்சர் உள்ளே போய்த் தன் இலவம்பஞ்சு மெத்தையை இழுத்துக்கொண்டு வந்தார்.

"டீச்சர், நீங்க எதுல படுப்பீங்க?" என்று பதறினாள் சாந்தா.

"எனக்கு முழங்கை வீங்கலையே."

வீக்கம் வடிந்தது. மாதங்கள் போகப் போக, வற்றிய தோளில் சதையும் மெல்ல எட்டிப் பார்த்தது. டாக்டர் விரலால் அழுத்திப் பார்த்துச் சின்னப்பிள்ளை மாதிரி சிரித்தார். "நரம்பு முழிச்சிக்கிச்சு டீச்சர்! கையில பிடிச்சு மெதுவா நடத்துங்க." அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம், பருத்திப் புடவையும் கைப்பையுமாக டீச்சர் முன்னால் போக, ஹெட்மாஸ்டர் தோளை வெட்டி வெட்டிப் பின்னால் வர, ஏரிக்கரைக்குப் போய் வருவார்கள். வாய்ப்பாடு சொல்லிக்கொண்டே போவார். பதின்மூன்றாம் வாய்ப்பாட்டுக்குத்தான் அவன் நன்றாக நடக்கிறான் என்று எங்களிடம் சத்தியம் செய்தார். அந்த வெட்டும் வரவரக் குறைந்தது. கூர்ந்து பார்த்தால்தான் தெரியும் என்கிற அளவுக்கு வந்தது.

அப்போதுதான் அந்த ஐப்பசி மழை.

ஒரு வாரமாக விடாமல் பெய்து, பின்பக்கத்துச் சிமெண்ட் தரை முழுக்கப் பாசி. ஒருநாள் காலையில் கொட்டகைத் தகரத்தின் மேல் தென்னை மட்டை விழுந்த சத்தம் கேட்டது. உடனே இன்னொரு சத்தம். கனமான ஏதோ ஒன்று மொத்தமாகச் சரிந்த சத்தம். நானும் சாந்தாவும் சுவரேறிக் குதிக்காத குறையாக ஓடினோம். மிரண்டு வழுக்கி விழுந்திருந்த ஹெட்மாஸ்டர், நாங்கள் போவதற்குள் எழுந்து நின்றுவிட்டான். மூன்று காலில் நின்றான். வலது முன்னங்கால் பாதி மடிந்து, குளம்பின் நுனி மட்டும் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. அந்தப் பக்க முழங்கை, மற்றதைவிடக் கீழே இறங்கித் தொங்கியது.

டீச்சர் மழையில் நின்றுகொண்டு அவன் தோளில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். எண்ணெய் ஒட்டாமல் தண்ணீரோடு வழிந்தது.

"பழைய நரம்புதான், சாந்தா. பிசைஞ்சா சரியாயிடும். போன தடவையும் இப்படித்தான இருந்துச்சு?"

போன தடவை இப்படி இல்லை. எங்களுக்குத் தெரிந்தது. நான் டாக்டரை அழைக்க ஓடினேன்.

டாக்டர் மழைக்கோட்டோடு வந்தார். என்னைக் காலைப் பிடித்து லேசாக அசைக்கச் சொல்லிவிட்டு, தோளுக்குக் கீழே உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். உடைந்த ஓட்டுத் துண்டுகளை ஒன்றோடொன்று தேய்க்கிற மாதிரி உள்ளே ஒரு நறநறப்பு. அது எனக்கே கேட்டது.

"டீச்சர், இது நரம்பு இல்ல. தோளுக்கும் முழங்கைக்கும் நடுவுல இருக்கற எலும்பு. உடைஞ்சிடுச்சு."

"மாவுக்கட்டு போடுங்க."

"அந்த இடத்துல கட்டு நிக்காது. சதைக்குள்ள, மார்போட ஒட்டி இருக்கு."

"மூணு கால் நல்லா இருக்கே டாக்டர்."

"இவ்வளவு பாரத்தையும் தாங்கித் தாங்கி, இடது காலும் போயிடும். படுக்க வெச்சும் காப்பாத்த முடியாது. வலியிலேயே..." டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் ஊசி போட்டுடறேன், டீச்சர்."

டீச்சர் எண்ணெய்க் கிண்ணத்தைத் தரையில் வைத்தார். பிறகு என்னிடம் திரும்பி, "கோதண்டத்தைக் கூட்டிட்டு வர்றீங்களா?" என்றார். அதுவரை வலி தெரியாமலிருக்க டாக்டர் ஒரு மருந்து கொடுத்தார். நான் பல்லாவரம் போய்க் கோதண்டத்தை ஸ்கூட்டரில் உட்கார வைத்துக் கூட்டிவந்தேன்.

கோதண்டம் குதிரையின் நெற்றியைத் தடவினார். சதை பிடித்திருந்த தோளைத் தொட்டுப் பார்த்தார்.

"என்னாண்ட இருந்தா அன்னிக்கே போயிருப்பான் டீச்சர். நீங்கோ இவ்ளோ நாள் குட்த்தீங்கோ."

"கோதண்டம், ஒண்ணு கேக்கணும். இவனுக்கு முன்னாடி என்ன பேரு?"

"பேரா?" கோதண்டம் விழித்தார். "பேர்லாம் இன்னாத்துக்கு டீச்சர்? குதிரைன்னுதான் கூப்புடுவேன்."

டீச்சர் குதிரையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "நானும் விளையாட்டாத்தான் வெச்சேன். வேற நல்ல பேரா வெச்சிருக்கலாம்" என்றார்.

கையில் ஒரு வெல்லக்கட்டி வைத்திருந்தார். அவன் அதைத் தின்று முடித்து, உள்ளங்கையையும் நக்கி முடிக்கும்வரை டாக்டர் காத்திருந்தார். ஊசி போட்டதும், ஹெட்மாஸ்டர் தலையை டீச்சரின் தோளில் சாய்த்தான். அந்தக் கனம் தாங்காமல் அவரும் அவனோடு தரையில் உட்கார்ந்தார். நாங்கள் போய் எழுப்பும்வரை எழுந்திருக்கவில்லை.

செயலாளர் தானாக வந்து, பின்தெருவில் இருந்த தன் காலி மனையைக் காட்டினார். "வீடு கட்டறப்போ அந்த மூலையை விட்டுட்டுக் கட்டிக்கறேன்." தெரு ஆண்களெல்லாம் மழையில் குழி வெட்டினோம். விஷயம் கேள்விப்பட்டு ரவி ஆபீஸ் பேண்ட்டோடு வந்து மண்வெட்டியை வாங்கிக்கொண்டான்.

டீச்சர் மறுநாள் பள்ளிக்குப் போனார். ஆனால் சாயங்காலம் வழக்கமான நேரத்துக்குக் கைப்பையை மாட்டிக்கொண்டு கேட்டருகே வந்து நிற்பார். எங்கே போவதென்று தெரியாதவர் மாதிரி கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே போய்விடுவார். ஒரு வாரம் ஜன்னல் வழியாக இதைப் பார்த்துக்கொண்டிருந்த சாந்தா, ஒருநாள் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனாள்.

"டீச்சர், எனக்கு சுகர் இருக்காம். தினம் நடக்கணும்னு டாக்டர் சொல்லிட்டார். ஏரிக்கரைப் பக்கம் தனியா போக பயமா இருக்கு. கூட வர்றீங்களா?"

என் மனைவிக்கு அன்றும் சர்க்கரை இல்லை, இன்றும் இல்லை. இரண்டு பேரும் தொண்ணூறுகள் பாதி வரைக்கும் நடந்தார்கள்.

ஓய்வு பெற்றதும், மதுரையிலிருந்த தங்கை வற்புறுத்தி டீச்சரை அழைத்துக்கொண்டார். தாம்பரம் ஸ்டேஷனில் நாங்கள்தான் ரயில் ஏற்றிவிட்டோம். வீடு திரும்பும்போது நன்றாக இருட்டிவிட்டது. பூட்டைத் திறந்துகொண்டே சாந்தா பக்கத்து வீட்டைப் பார்த்தாள். அங்கே விளக்கு எரியவில்லை.

"டீச்சர் இன்னும் வரல போலிருக்கு" என்றாள்.

"வந்துடுவாங்க" என்றேன் நான்.